வடிகட்டிய மெயில் எங்கே போகிறது?

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே செய்முறையைத்தான் ஏதோ ஒரு வடிவில் படித்திருப்பார்கள். போஸ்ட்ஃபிக்ஸை நிறுவு. அமாவிஸை நிறுவு. அதன் பின்னால் வைரஸுக்குக் கிளாம்ஏவி, ஸ்பாமுக்கு ஸ்பாம்அசாசின் இரண்டையும் மாட்டு. வரும் மெயிலை 10024ஆம் போர்ட்டில் கொடு, 10025இல் திரும்ப வாங்கிக்கொள். சோதனை மெயில் ஒன்று அனுப்பிப் பார். முடிந்தது. இருபது வருடமாக இந்தச் செய்முறை பதிப்பு எண்கள் மட்டும் மாறி அப்படியே புழங்குகிறது. வேலையும் செய்கிறது. அதை மறுக்க முடியாது.

என்னுடைய விமர்சனம் அது வேலை செய்வதைப் பற்றியது அல்ல. எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பற்றியது. ஒரு வடிகட்டியை வைப்பது என்றால் நாலு முடிவுகளை எடுப்பது. மெயிலை எந்தக் கட்டத்தில் மறுப்பது? பிடிபட்டதை என்ன செய்வது? எந்த எண்ணுக்கு மேல் குப்பை? வடிகட்டியே விழுந்துவிட்டால் என்ன? இந்த நாலையும் செய்முறை நமக்காக முடிவு பண்ணிவிடுகிறது, முடிவு என்று சொல்லாமலே. "இந்த வரியை ஒட்டு" என்ற தோற்றத்தில் அது வருவதால் நாமும் கேட்பதில்லை.

நான் பார்த்துக்கொள்கிற சர்வர்கள் எல்லாம் சின்னவை. ஐம்பது பேர், நூறு பேர். ஆனால் அந்த நூறு பேரில் ஒருவருக்கு வரவேண்டிய நேர்காணல் அழைப்பு காணாமல் போனால், அவருக்கு அது வந்ததே தெரியாது. அனுப்பியவருக்கு அது போய்ச்சேராததும் தெரியாது. லாக்கில் ஒரே ஒரு வரி இருக்கும். அதைப் படிப்பவர் யாருமில்லை. பணயமாக இருப்பது இதுதான்.

வாங்கிக்கொண்ட பிறகு மறுப்பது

முதல் முடிவிலிருந்து ஆரம்பிப்போம். போஸ்ட்ஃபிக்ஸில் வடிகட்டியைப் பொருத்த இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மெயிலை முழுசாக வாங்கி, "பெற்றுக்கொண்டேன்" என்று எதிர் சர்வரிடம் சொல்லி, வரிசையில் போட்ட பிறகு சோதிப்பது. இன்னொன்று, எதிர் சர்வர் இன்னும் லைனில் காத்துக்கொண்டிருக்கும்போதே சோதித்து, பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராக மறுப்பது. பெரும்பாலான செய்முறைகள் முதல் வழியைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. அமைப்பது சுலபம், சர்வருக்குச் சுமையும் கம்மி.

ஆனால் "பெற்றுக்கொண்டேன்" என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது. எஸ்எம்டிபி நெறிமுறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5321 (2008) இதில் கறார். ஏற்றுக்கொண்ட மெயிலுக்கு நீ பொறுப்பு. ஒன்று சேர்ப்பி, இல்லையென்றால் சேர்க்கவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல். சத்தமில்லாமல் தூக்கிப்போடுவதை, அது மோசடி என்பதில் மிக உறுதி இருக்கும் இடத்தில் மட்டுமே யோசிக்கலாம் என்கிறது.

வாங்கிக்கொண்ட பிறகு வைரஸ் என்று கண்டுபிடித்தால் என்ன செய்வது? அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பலாம். அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை 2003, 2004 வருடங்கள் காட்டிவிட்டன. சோபிக்-எஃப், மைடூம் மாதிரியான புழுக்கள் பாதிக்கப்பட்ட கணினியில் கிடைத்த முகவரிகளில் ஏதோ ஒன்றை எடுத்து அனுப்புநர் இடத்தில் போட்டுக்கொண்டன. உலகமெங்கும் இருந்த வடிகட்டிகள் "நீங்கள் அனுப்பிய மெயிலில் வைரஸ் இருக்கிறது" என்று, அந்த மெயிலை அனுப்பவே செய்யாதவர்களுக்குக் கடமை தவறாமல் எழுதிக்கொண்டிருந்தன. வைரஸைவிட இந்த எச்சரிக்கை மெயில்கள் பெரிய தொல்லை என்று பலரும் அலுத்துக்கொண்ட காலம் அது.

அதற்குப் பிறகு செய்முறைகள் மறு ஓரத்துக்குப் போய்விட்டன. திருப்பி அனுப்பாதே, தூக்கிப்போடு. அமாவிஸில் இதற்கு டிஸ்கார்ட் என்ற ஒரு சொல் போதும். வைரஸுக்கு இது சரிதான். புழுவுக்கு மறுமொழி எதிர்பார்க்கும் அனுப்புநர் கிடையாது. ஆனால் அதே சொல்லை ஸ்பாமுக்கும் போடச் சொல்லும் குறிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்பாம் என்பது ஒரு யூகம். யூகத்தின் பேரில் ஒருவருடைய கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, அவரிடம் "கிடைத்தது" என்றும் சொல்வது நியாயமில்லை.

இதில் இன்னொரு குழப்பம். சில குறிப்புகள் டிஸ்கார்டுக்குப் பதிலாக ரிஜெக்ட் போடச் சொல்கின்றன. கேட்கும்போது இது நேர்மையாகத் தெரிகிறது. ஆனால் வரிசைக்குப் பின்னால் வடிகட்டி இருக்கும்போது ரிஜெக்ட் என்பது எதிர் சர்வருக்குப் போகாது. அது எப்போதோ போனை வைத்துவிட்டது. நம் போஸ்ட்ஃபிக்ஸ்தான் அந்த மறுப்பை வாங்கி, ஒரு திருப்பு மெயிலாக எழுதி, பொய் முகவரிக்கு அனுப்பும். அதாவது பழைய தொல்லையே, வேறு பெயரில்.

லைனில் இருக்கும்போதே மறுத்தால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் கிடையாது. எதிரில் இருப்பது உண்மையான சர்வர் என்றால், அது தன்னுடைய பயனருக்கு "உங்கள் மெயிலை மறுத்துவிட்டார்கள்" என்று எழுதும். எதிரில் இருப்பது ஸ்பாம் எந்திரம் என்றால் அது கண்டுகொள்ளாமல் அடுத்த முகவரிக்குப் போய்விடும். அப்பாவி யாருக்கும் மெயில் போகாது. நல்லவருக்குத் தகவல் கிடைத்துவிடும். 2006இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 2.3 பதிப்பிலிருந்தே மில்டர் வழியாக இதைச் செய்யலாம். ஆர்எஸ்பாம்டி போன்ற பிற்காலக் கருவிகள் இந்த வழியையே இயல்பாக எடுத்துக்கொள்கின்றன.

எதிர்வாதம் உண்டு. சோதனை முடியும்வரை இணைப்பு திறந்தே இருக்கவேண்டும். கூட்டம் வந்தால் சர்வர் திணறும். உண்மைதான். ஆனால் மெயிலின் கடைசிப் புள்ளிக்குப் பிறகு பதிலுக்காக 10 நிமிடம்வரை காத்திருக்கவேண்டும் என்று அதே ஆர்எஃப்சி அனுப்பும் பக்கத்துக்குச் சொல்கிறது. சின்ன சர்வருக்கு இது தாராளம். வாசலிலேயே எந்திரங்களைக் கழித்துவிட போஸ்ட்ஸ்கிரீன் இருக்கிறது. இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. ஒரே மெயில் ஐந்து பேருக்கு வரும்போது எஸ்எம்டிபியில் உள்ளடக்கத்துக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்லமுடியும். நாலு பேருக்கு வேண்டும், ஒருவருக்கு வேண்டாம் என்றால் வழியில்லை. ஆளாளுக்கு விதி வைக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது பிரச்சினை. எல்லோருக்கும் ஒரே விதி வைக்கும் நமக்கு இல்லை.

6.31 எங்கிருந்து வந்தது?

ஸ்பாம்அசாசின் ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடுகிறது. நூற்றுக்கணக்கான விதிகள், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூட்டல் கழித்தல். அதன் சொந்த எல்லை 5. டெபியனில் அமாவிஸை நிறுவினால் எல்லை 6.31. இந்த எண்ணை எத்தனையோ செய்முறைகளில் பார்க்கிறேன். 6.31ஐ ஏன் 6 என்றோ 7 என்றோ வைக்கவில்லை என்று எந்தச் செய்முறையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு தசம இடங்கள் இருப்பதால் யாரோ அளந்து வைத்த எண் மாதிரி ஒரு மரியாதை அதற்கு வந்துவிடுகிறது. உங்கள் சர்வருக்கு வரும் மெயிலை வைத்து யாரும் அதை அளக்கவில்லை.

மதிப்பெண் எவ்வளவு இளகியது என்பதற்கு 2010 ஜனவரி 1 நல்ல சாட்சி. மெயிலின் தேதி ரொம்ப தூர எதிர்காலத்தில் இருந்தால் சந்தேகப்படு என்று ஒரு விதி இருந்தது. ஸ்பாம் எந்திரங்கள் அப்படிப் பொய்த் தேதி போடுவதுண்டு. விதியை எழுதிய காலத்தில் 2010 "தூர எதிர்காலம்". அந்த வருடம் பிறந்தபோது, உலகத்தில் அன்று எழுதப்பட்ட ஒவ்வொரு மெயிலும் அந்த விதியில் மாட்டியது. அமைப்பைப் பொறுத்து இரண்டிலிருந்து மூன்றரை மதிப்பெண்வரை கூடுதல். புத்தாண்டு வாழ்த்து அனுப்பியவரெல்லாம் ஸ்பாமருக்குப் பாதி தூரம் நடந்துவிட்டார்கள். திருத்தம் விரைவில் வந்தது. ஆனால் விதிகளைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்காத சர்வர்களுக்கு அது தானாகப் போய்ச்சேரவில்லை. எல்லைக்கு மேல் போனதை ஸ்பாம் பெட்டியில் போட்டவர்கள் தேடி எடுத்துக்கொண்டார்கள். டிஸ்கார்ட் போட்டவர்கள்?

தமிழில் எழுதினால்

இந்தப் பகுதி நம் ஊர்க்காரர்களுக்கு. ஸ்பாம்அசாசினில் "ஏற்கத்தக்க எழுத்துமுறைகள்" என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் கொடுக்கக்கூடியவை ஆறுதான்: மேற்கத்தியது, ஜப்பானியம், கொரியன், ரஷ்யன், தாய், சீனம். தமிழுக்கு இடமில்லை. யூனிகோடில் வரும் மெயிலை இது தொடாது என்பதால் இன்று பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் டெக்ஸ்ட்கேட் என்ற பிளகினை இயக்கினால், மொழியையே யூகித்து மதிப்பெண் போடும். அதன் பட்டியலில் தமிழ் உண்டு. ஐரோப்பாவில் யாரோ எழுதிய செய்முறையிலிருந்து "ஆங்கிலமும் ஜெர்மனும் மட்டும்" என்ற வரியை அப்படியே ஒட்டினால், தமிழ் மெயில் ஒவ்வொன்றுக்கும் வேண்டாத மொழி என்று 2.8 மதிப்பெண் விழும். 6.31க்கு மிச்சம் மூன்றரைதான்.

இதைவிட ஆழமான சிக்கல் பேயஸ் பகுதியில். நல்ல மெயில் 200, ஸ்பாம் 200 கொடுத்துப் பழக்கினால், எந்தச் சொல் எதில் அதிகம் வருகிறது என்று அது கற்றுக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் பழைய பதிப்புகளின் மூலநிரலைப் படித்தால், சொல் என்று அது எதை நினைக்கிறது என்பது தெரியும். அனுமதித்த பைட்டுகளைத் தவிர மற்றதையெல்லாம் இடைவெளியாக மாற்றிவிடுகிறது. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்காக மேல்வரிசை பைட்டுகளை விட்டுவைத்தார்கள். நடுவில் ஒரு துண்டை விடவில்லை. யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். க, ச, ட எழுத்துகளின் மூன்றாவது பைட்டும், மெய்யெழுத்துப் புள்ளியின் மூன்றாவது பைட்டும் அந்த விடுபட்ட துண்டில் விழுகின்றன. அதாவது புள்ளி வந்த இடத்திலெல்லாம் சொல் அறுந்துபோகும். தப்பித்த துண்டு 15 பைட்டைத் தாண்டினால் இரண்டிரண்டு பைட்டாக வெட்டப்படும். மூன்று பைட்டில் ஒரு எழுத்தை இரண்டிரண்டாக வெட்டினால் கிடைப்பது எந்த எழுத்தும் இல்லை.

விளைவை யோசித்துப் பாருங்கள். "விண்ணப்பம்" என்ற சொல்லையும் "அதிர்ஷ்டக் குலுக்கல்" என்ற சொல்லையும் அந்த வடிகட்டியால் பிரித்தறிய முடிவது அரிது. அதன் கையில் இருப்பது எல்லாத் தமிழ் மெயிலிலும் பொதுவாக வரும் உடைசல்கள். தமிழ் ஸ்பாமைக் காட்டிப் பழக்கினால், ஸ்பாமை அல்ல, தமிழைத்தான் அது ஸ்பாம் என்று கற்கும். பிற்பாடு வந்த பதிப்புகளில் யூனிகோடைக் கவனித்துத் திருத்தினார்கள். இருந்தாலும் பழைய பேயஸ் தரவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்த சர்வர்களில் அந்த உடைசல்களும் கூடவே வந்திருக்கும். பதிப்பு மாறினால் பேயஸை அழித்துவிட்டு முதலிலிருந்து பழக்குங்கள் என்பதை எந்தச் செய்முறையிலாவது ஒரு வரியாகச் சேர்த்தால் புண்ணியம்.

காவலாளியே வாசலாகும்போது

போஸ்ட்ஃபிக்ஸை எழுதிய வியட்ஸ வெனிமா அதைச் சின்னச் சின்னப் புரோகிராம்களாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. வெளியாளிடமிருந்து வரும் எதையும் நம்பாதே. ஒரு பகுதி உடைந்தாலும் மற்றது உடையக்கூடாது. அப்படிக் கட்டிய வீட்டில், வருகிற ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்கும் ஒரு ஆளை உட்காரவைக்கிறோம். ஜிப், ரார், டார், சிபிஐஓ, ஆப்பிள் டிஸ்க் இமேஜ், இருபது வருடமாக யாரும் அனுப்பாத ஆர்ஜே எல்லாவற்றையும் பிரிக்கத் தெரிந்தவர். அவருடைய வேலையே முகம் தெரியாதவர் அனுப்பியதைத் திறப்பது.

2022இல் ஜிம்ப்ராவில் நடந்தது இதுதான். அதன் உள்ளே இருந்த அமாவிஸ், பாக்ஸ் என்ற கருவி நிறுவப்படாத சர்வர்களில் சிபிஐஓவை வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தது. சிபிஐஓவில் பழைய ஓட்டை ஒன்று. பொட்டலத்துக்குள்ளிருக்கும் கோப்பு தனக்கு விதித்த அடைவைத் தாண்டி வெளியே போய் விழலாம். ஒரு மெயில் அனுப்பினால் போதும். யாரும் அதைத் திறக்கவேண்டாம். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கப் பிரித்ததே தாக்குதலாக முடிந்தது. தீர்வு, பாக்ஸை நிறுவுவது. 2023 பிப்ரவரியில் கிளாம்ஏவியிலேயே, ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் வடிவத்தைப் பிரிக்கும் பகுதியில், வெளியிலிருந்து நிரலை இயக்கவிடும் ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. நம் அலுவலகத்துக்கு யார் மெயிலில் மேக் டிஸ்க் இமேஜ் அனுப்பப்போகிறார்கள்?

வடிகட்டி வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேவையில்லாத வடிவத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெயரைப் பார்த்தே மறுத்துவிடலாம். அந்த ஆளைத் தனிப் பயனராக, தனி அறையில் உட்காரவைக்கலாம். ஆனால் "எல்லாப் பிரிப்பான்களையும் நிறுவு" என்று ஒரே வரியில் பதினைந்து பொட்டலக் கருவிகளை அடுக்கும் வழக்கத்தை ஒருவர் நிறுத்திக் கேட்கவேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. கடவுச்சொல் போட்ட ஜிப்பை யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. 2004இல் பேகிள் புழு இதைத்தான் செய்தது. ஜிப்புக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மெயிலிலேயே எழுதி அனுப்பியது. அதனால் பூட்டிய கோப்புகளையெல்லாம் தடு என்று கிளாம்ஏவியில் ஒரு அமைப்பு உண்டு. அதை இயக்கினால் பூட்டிய பிடிஎஃபும் சேர்ந்து மாட்டும். நம் ஊர் வங்கிகள் மாதாமாதம் அனுப்பும் கணக்கு விவரம், பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாகப் போட்ட பிடிஎஃப்தான். ஜிப்புக்கும் பிடிஎஃப்புக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மூடும் வரியைத்தான் சுலபம் என்று ஒட்டுகிறோம்.

விழுந்துவிட்டால்

செய்முறைகள் எல்லாம் ஐகார் சோதனையில் முடிகின்றன. 68 பைட் கொண்ட, ஆபத்தில்லாத ஒரு சரம்; எல்லா வைரஸ் தேடிகளும் அதை வைரஸ் என்று சொல்லவேண்டும் என்று ஒப்பந்தம். அது பிடிபட்டதும் "வாழ்த்துகள்" என்று செய்முறை விடைபெறுகிறது. ஒயர் இணைந்திருக்கிறது என்பதுதான் இதனால் தெரிவது. கிளாம்டி செத்துக்கிடக்கும்போது என்ன ஆகும் என்பது தெரியாது.

அது சாகும். தன் வைரஸ் பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொள்ள அதற்கு ஒரு ஜிபிக்கு மேல் வேண்டும். இரண்டு ஜிபி சர்வரில் ஒரு நாள் கர்னல் அதைக் கொன்றுவிடும். அப்போது மெயிலை நிறுத்திவைக்கவேண்டுமா, சோதிக்காமல் விடவேண்டுமா? நிறுத்திவைத்தால், வரிசைக்குப் பின்னால் வடிகட்டும் அமைப்பில் மெயில் நம்மிடமே தேங்கும். போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கமான 5 நாள் கெடு முடிந்தால் திரும்பிப் போகும். விட்டுவிட்டால், யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் வடிகட்டியே இல்லாமல் ஓடும். இரண்டில் எது என்பது உங்கள் அலுவலகத்தைப் பொறுத்தது. மில்டருக்கு இயல்பு, தற்காலிக மறுப்பு. அதை "ஏற்றுக்கொள்" என்று மாற்றச் சொல்லும் குறிப்புகள், மெயில் நின்றுவிட்டது என்ற புகாருக்குப் பதிலாக எழுதப்பட்டவை. புகார் நின்றுவிடும், உண்மைதான்.

2010 ஏப்ரலில் இது உலக அளவில் ஒத்திகை பார்க்கப்பட்டது. 0.95க்கு முந்திய கிளாம்ஏவி பதிப்புகளை நிறுத்துகிறோம் என்று மாதக்கணக்கில் முன்பே அறிவித்துவிட்டு, ஏப்ரல் 15 அன்று வைரஸ் பட்டியலோடு ஒரு தனி அடையாளத்தை அனுப்பினார்கள். பழைய கிளாம்டிகள் எல்லாம் நின்றன. பல சர்வர்களில் மெயிலும் கூடவே நின்றது. அடுத்தவர் சர்வரைத் தூரத்திலிருந்து நிறுத்த அவர்களுக்கு என்ன உரிமை என்று பெரிய சண்டை. என் பார்வையில் அந்தச் சண்டையின் இரண்டு தரப்பும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போனது. நிறுவிய அன்றைக்குப் பிறகு திரும்பியே பார்க்காத வடிகட்டி, வடிகட்டியா?

சரி, நல்ல செய்முறை எப்படி இருக்கவேண்டும்? என் எதிர்பார்ப்பு பெரிசில்லை. முகத்துக்கு நேராக மறுக்கும் வழியை முதலில் சொல்லட்டும். வைரஸை மட்டும் தூக்கிப்போட்டு, சந்தேகத்தைப் பயனரின் ஸ்பாம் பெட்டியில் போடட்டும். எல்லை எண்ணைச் சொல்லும்போது, முதல் மாதம் எதையும் மறுக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பதிந்து பார் என்று சேர்த்துச் சொல்லட்டும். ஐகார் சோதனைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சோதனை: கிளாம்டியை நிறுத்திவிட்டு ஒரு மெயில், உங்கள் மொழியில் எழுதிய சாதாரணக் கடிதம் ஒன்று.

அமாவிஸை எழுதி வளர்த்த மார்க் மார்ட்டினெட்ஸும் மற்றவர்களும் இதற்கெல்லாம் வேண்டிய திருகாணிகளை வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த மென்பொருளின் மேல் எனக்குக் குறை இல்லை. எந்தத் திருகாணி எந்த மனிதரைத் தொடுகிறது என்று சொல்லாமல் திருகக் கற்றுக்கொடுக்கும் எழுத்தின் மேல்தான். இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் இன்று ஒரு காரியம் செய்யலாம்: சர்வருக்குள் போய், அமாவிஸின் வைரஸ்மெயில்ஸ் அடைவில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். ஸ்பாம் என்று அங்கே போனவற்றில் பத்தை எடுத்து அனுப்புநர் பெயரைப் படியுங்கள். அடைவு காலியாக இருந்தால், தனியே எடுத்துவைக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்து, டிஸ்கார்டும் போட்டிருந்தால், உங்கள் சர்வர் இதுவரை எதையெல்லாம் தூக்கிப்போட்டது என்பதற்கு லாக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது.